வைரவர் காவலில் பெற்றோல்

யூன் 13, திங்கள்

இந்தக் கொப்பியை எழுதுகிற கை என்னுடையது அல்ல, சம்மந்தியுடையது. சொல்லுகிற வாய் மட்டும் என்னுடையது. பெயர் வல்லிபுரம். வயது எழுபத்தாறு. பள்ளிக்கூடத்துக்கு ஒரேயொரு நாள் போனேன். வாத்தியார் அடித்தார், நான் திருப்பி அடித்தேன், இரண்டு பேருக்கும் அதோடு போதும் என்றாகிவிட்டது.

ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. நூற்றுப் பன்னிரண்டு கிணறு வெட்டினவன் நான். எந்த வளவில் எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது, நல்ல தண்ணீரா உவரா, கூலியைத் தராமல் சுற்றவிட்டவன் ஆர், அவன் பெண்சாதி அன்று என்ன நிறச் சேலை, எல்லாம் தலைக்குள் கிடக்கிறது.

சம்மந்தி மகாலிங்கம் முப்பத்தாறு வருடம் விதானையாக, ஊரின் அரசாங்க அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுதாத விசயம் நடக்காத விசயம் என்பது அவருடைய கொள்கை. அவருடைய மகள் நிரோசாவைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான். மனைவி இல்லாத மனிதர். வீட்டில் காஸ் முடிந்து, பாணுக்கும் வழியில்லாமல் போனபோது, போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு தலையணை, இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறையக் கடதாசி, ஒரு வெறும் காஸ் சிலிண்டர். வெறும் சிலிண்டரை ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“வரிசையில என்ர நம்பர் இருநூற்றுப் பதினாலு, சம்மந்தி. கூப்பிடேக்க சிலிண்டர் கையில இருக்கவேணும்.”

இன்னும் கூப்பிடவில்லை. சிலிண்டர் விறாந்தையில் இருக்கிறது. என் மனிசி பூரணம் அதன்மேல் உள்ளிச் சுளகு வைக்கிறாள்.

கரண்ட் இல்லாத பின்னேரங்களில் இருவரும் வாக்குவாதப்பட்டு அலுத்து, ஒரு பந்தயத்துக்கு வந்திருக்கிறோம். ஒரு மாதம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவது. மாத முடிவில் எல்லாவற்றையும் நான் பாராமல் சொல்லுவது. தோற்றவர் ஒரு மாதத்துக்கு விறகு கொத்துவது.

என் பேச்சைக் கந்தோர்த் தமிழுக்கு, அலுவலகக் கடிதத் தமிழுக்கு மாற்றித்தான் எழுதுவாராம். மாற்றட்டும்.

யூன் 16, வியாழன்

நிரோசாவுக்கு இது தலைப்பிள்ளை. மகன் கட்டாரில். கிளினிக்குக்குப் போய் வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொன்னாள். பிரசவ நோ தொடங்கினால் ஒரு மணித்தியாலத்தையும் வீணாக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும், சுணங்கினால் தாய்க்கும் கூடாது பிள்ளைக்கும் கூடாது என்று டொக்டர் அம்மா இரண்டு தரம் சொன்னாராம். வருகிற மாதம் எட்டாம் திகதி வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தி நோ வந்தால்?

ஆஸ்பத்திரி இங்கிருந்து ஏழு கட்டை, ஏழு மைல். என் தங்கையின் மகன் தவத்திடம் ஓட்டோ இருக்கிறது. ஓட்டோவிடம் பெற்றோல் இல்லை.

இரவு பூரணம் கருவாடு கருக்கிவிட்டாள். நான் குசினிக்குள்ளேதான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. “உங்கட மூக்கைக் கழட்டி விக்கலாம், ஒரு பிரியோசனமும் இல்லை,” என்றாள். போன வருடம் அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து மூக்குக் கொஞ்சம் மந்தம். கொஞ்சம்தான்.

யூன் 17, வெள்ளி

சம்மந்தி கந்தோருக்கு மனு எழுதினார். இரண்டு பக்கம். கர்ப்பிணிக்கு அவசர எரிபொருள் ஒதுக்கித் தரும்படி. மூன்று பிரதி. ஒரு பிரதி அவருக்கு, ஒன்று கந்தோருக்கு, மூன்றாவது ஆருக்கு என்று கேட்டேன். “கோவைக்கு, பைல்ல போட,” என்றார்.

அரசாங்கம் இருக்கிறது என்று அவர் சொல்லுகிறார். வைரவர் இருக்கிறார் என்று நான் சொல்லுகிறேன். இரண்டு பேரும் இரண்டையும் நேரே கண்டதில்லை. ஆனால் வைரவருக்கு வடைமாலை சாத்தினால் பூசை முடிய வடை எங்கள் கைக்குத் திரும்பி வரும். அரசாங்கத்துக்குக் கொடுத்த எதுவும் திரும்பி வந்து நான் காணவில்லை.

இதைச் சொன்னபோது சம்மந்தி பேனையை வைத்துவிட்டார். பிறகு எழுதினார்.

யூன் 19, ஞாயிறு

எனக்கு ஒரு யோசனை வந்தது. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று வேறாகப் போட்டு வைக்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. பிடியரிசி. அந்த அரிசியில்தான் எங்கள் வைரவர் பொங்கல் சாப்பிடுகிறார். பிடியரிசி போடலாம் என்றால் பிடி பெற்றோல் ஏன் போடக்கூடாது?

சொந்தக்காரர் வீடு வீடாகப் போனேன். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒன்பது வீடு. ஆளுக்கு அரைப் போத்தல். கேட்ட முதல் வீட்டிலேயே மச்சான் முறையான ஒருவன், “உங்களுக்கு விசரோ அத்தான், தங்கமெண்டாலும் தருவன்,” என்றான். அவன் பிறந்தபோது அவன் தாயைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு கட்டை நடந்த நாலு பேரின் பெயரையும் சொன்னேன். அதில் ஒருவன் நான். போத்தல் வந்தது.

எல்லா வீட்டுக்கும் அப்படி ஏதோ ஒன்று என் தலைக்குள் இருந்தது. பின்னேரத்துக்குள் நாலரைப் போத்தல் சேர்ந்தது.

எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் இரவோடு இரவாகக் குழாய் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். வைரவர் கோயில் களஞ்சிய அறைக்குள் வைத்தேன். கோயில் எங்கள் குடும்பத்துக் கோயில், விளக்கு வைக்கிறவன் நான், திறப்பு என் மடியில். சூலம் பிடித்த மனிதர், நாய் வாகனம், களவெடுக்க ஆருக்குத் துணிவு வரும்? வீட்டு விளக்குக்கென்று வாங்கின மண்ணெண்ணெயும் அங்கேதான். ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கான். சுவர்ப்பக்கம் பெற்றோல், கதவுப்பக்கம் மண்ணெண்ணெய்.

“கற்பூரம் கொளுத்திற இடத்தில பெற்றோலோ?” என்று சம்மந்தி தலையில் கைவைத்தார்.

“வைரவர் எரிஞ்சால் அது அவற்ற பாடு. நான் திரியைத் தள்ளி வைக்கிறன்,” என்றேன்.

யூன் 23, வியாழன்

சம்மந்தி சும்மா இருக்கமாட்டார். இன்று கோயில் களஞ்சியத்துக்குள் போய்க் கூட்டித் துடைத்து, சாமான்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதின துண்டு ஒட்டியிருக்கிறார். பஞ்சாமிர்தக் கிண்ணம், சங்கு, மணி. மணியைப் பார்த்தால் மணி என்று தெரியாதா?

“கான் ரெண்டிலயும் ஒட்டியிருக்கிறன், சம்மந்தி. எடுக்கேக்க பாத்து எடுங்கோ.”

“என்ர கோயில். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பன்,” என்றேன்.

யூன் 28, செவ்வாய்

இனி இரண்டு கிழமைக்குப் பொதுச் சனத்துக்குப் பெற்றோல் இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அத்தியாவசியச் சேவைக்கு மட்டும்தானாம். நிரோசாவின் வயிறு அத்தியாவசியமா இல்லையா என்று ரேடியோவில் சொல்லவில்லை.

யூலை 1, வெள்ளி

சம்மந்தியின் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. முத்திரை குத்தின துண்டு. இருப்புக்கொள்ளாமல் ஓடி வந்து மகளிடம் காட்டினார். ஐந்தாம் திகதி பெற்றோல் செட்டுக்குப் போனால் இரண்டு லீற்றர்.

“பாத்தியளோ?” என்று என்னிடம் கேட்டார்.

“பாத்தன். கடதாசி நல்ல வெள்ளை,” என்றேன்.

நிரோசா சிரித்துவிட்டுத் தகப்பனுக்குத் தேத்தண்ணி போடப் போனாள். அந்தப் பிள்ளை இரண்டு கிழவன்களுக்கும் நடுவில் சமாதானப் படை மாதிரி.

யூலை 5, செவ்வாய்

(எழுதவில்லை.)

யூலை 7, வியாழன்

நேற்று முன்தினம் நடந்ததை இன்று சொல்லுகிறேன். எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் புகை மூட்டம்.

காலை ஐந்து மணிக்கே சம்மந்தி முத்திரைத் துண்டோடு சைக்கிளில் செட்டுக்குப் போய்விட்டார். பின்னேரம் இரண்டு மணியிருக்கும், நிரோசா உரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமி, தொடங்கீட்டுது போல.”

பூரணம் போனை எடுத்தாள். கரண்ட் இல்லை, அதனால் சிக்னலும் இல்லை. அம்புலன்சுக்கு அடித்தும் போகவில்லை. நான் ஓடிப்போய்த் தவத்தைப் பிடித்தேன். அவன் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவன் நிரோசாவைத் தாங்கிப் பிடித்து ஏற்ற, நான் கோயிலுக்குப் போனேன்.

களஞ்சியத்துக்குள் இருட்டு. கானை எடுத்தேன். வந்தேன். நானே ஊற்றினேன். பாதி ஊற்றி, மீதியைக் கானோடு உள்ளே வைத்தேன், திரும்பி வரத் தேவைப்படும் என்று. இதிலேதான் அந்தப் புகை மூட்டம். கானை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று சம்மந்தி இப்போது கேட்கிறார். ஞாபகமில்லை. எழுதும்.

ஓட்டோ இரண்டு இழுவையில் பிடித்துக்கொண்டது. நானும் பூரணமும் நிரோசாவுக்கு இரண்டு பக்கமும். பூரணம் மூக்கைச் சுழித்தாள்.

“என்ன மண்ணெண்ணெய் மணக்குது?”

“பெற்றோலும் மண்ணுக்குள்ள இருந்துதானடி வாறது,” என்றேன்.

இரண்டாம் கட்டை தாண்டினதும் ஓட்டோ இருமத் தொடங்கியது. பின்னால் வெள்ளைப் புகை. மூன்றாம் கட்டைப் பனங்கூடலடியில் ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. தாங்கியின் அடியிலும் குழாயிலும் கிடந்த பழைய பெற்றோல் அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது. தவம் இறங்கித் தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். அவன் முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது.

“மாமா, இது மண்ணெண்ணெய்!”

நிரோசா ஒரு சத்தமும் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே, கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெயில் தார்றோட்டில் கொதித்தது. அவ்வளவு நீள றோட்டில் ஒரு வாகனம் இல்லை. நாட்டில் பெற்றோல் இருந்தால்தானே வாகனம் வரும்.

வைரவரிடம் அந்த இடத்தில் நான் பேசினதை எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கெட்ட வார்த்தை.

தள்ளினோம். தவம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுபத்தாறு வயதில் ஓட்டோ தள்ளக்கூடாது என்று சொல்ல அங்கே ஒரு டொக்டரும் இல்லை. பூரணம் றோட்டோரம் ஓடி ஓடி ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டாள். அவளுடைய குரலைப் பற்றி ஐம்பது வருடமாக முறைப்பாடு வைத்திருக்கிறேன். அன்றைக்கு வாபஸ் வாங்கினேன். ஒழுங்கைகளில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். முதலாவது ஒழுங்கையில் இரண்டு பேர் வந்தார்கள், அடுத்ததில் நாலு பேர், ஒருத்தன் சவரம் பாதியில் சவர்க்கார நுரையோடு வந்தான்.

அதற்குள் பூரணத்தின் தங்கை மகன் கேதீஸ் வெங்காயத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். அவனிடம் லாண்ட்மாஸ்ரர், இரண்டு சில்லு உழவு மெசின். ஆனால் டீசல் இல்லாமல் பதினைந்து நாளாகக் கொட்டிலில் கிடக்கிறது.

“அந்த மெசின் மண்ணெண்ணெய்க்கு ஓடுமே பெரியப்பா. உங்களிட்ட மண்ணெண்ணெய் கிடக்கோ?”

கிடந்தது. பாதிக் கான். அதையும் நானே மெசினுக்கு ஊற்றினேன்.

இதைக் கவனமாக எழுதவேண்டும், சம்மந்தி. அன்று நான் பெற்றோல் கானைக் கொண்டு போயிருந்தால், ஓட்டோவில் வேறேதும் கோளாறு வந்திருந்தால், மெசினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய்க்கு எங்கே போவோம்? வைரவருக்கு எல்லாம் தெரியும். அவர்தான் என் கையைப் பிடித்துக் கதவுப்பக்கம் திருப்பியிருக்கிறார்.

கிணற்றுக் கயிற்றால் ஓட்டோவை மெசினில் கட்டினேன். முடிச்சு என்னுடையது. நாலு கட்டையும் மெசின் இழுத்தது. ஊர்வலம் மாதிரி, முன்னால் கேதீஸ், பின்னால் ஓட்டோ, அதற்குப் பின்னால் சைக்கிளில் பத்துப் பதினைந்து பேர். சப்பறம் ஒன்றுதான் குறை. ஒரு மணித்தியாலம் பிடித்தது. நிரோசா என் கையை நசுக்கின நசுக்கில் இரண்டு விரல் இன்றும் மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே எடுத்துவிட்டார்கள். கிளினிக் அட்டை எங்கே என்று கேட்டார்கள். இரத்த வகை அதில்தான் இருக்கிறதாம். அட்டை வீட்டில், அலுமாரியில். பூரணம் தரையில் இருந்துவிட்டாள்.

அப்போது வாசலில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம். சம்மந்தி. வேட்டியெல்லாம் கிறீஸ். செட்டில் பெற்றோல் வராமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, ஆளில்லை என்று கண்டு, அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஏழு கட்டையும் மிதித்து வந்திருக்கிறார். எழுபத்தொரு வயது. பேச மூச்சில்லாமல் அட்டையை நீட்டினார். நேர்ஸ் பிள்ளை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதன்பிறகு காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் தவத்துக்குக் கோபம் கிளம்பியது. சனத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“கான்ல கொட்டை எழுத்தில கிடந்திருக்குமே மாமா! வாசிக்கத் தெரியாட்டி ஆரையாவது கேக்கிறதுக்கென்ன? அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்...”

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முந்திச் சம்மந்தி சொன்னார்.

“அவரைப் பேசாதையும் தம்பி. துண்டை நான்தான் மாத்தி ஒட்டிப்போட்டன். என்ர பிழை.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். தாகமாக இருந்தது.

ஐந்து மணிக்கு வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாய்க்கு இரத்தம் ஏற்றினார்கள். இருவரும் சுகம். இன்னும் அரை மணித்தியாலம் சுணங்கியிருந்தால் என்று டொக்டர் அம்மா தொடங்கினார். பூரணம் அவர் கையைப் பிடித்து, முடிக்கவேண்டாம் என்றாள்.

யூலை 8, வெள்ளி

வெறும் கானைக் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். துண்டு ஊறிக் கழன்றுவிட்டது. சம்மந்தியின் பசை சரியில்லை.

யூலை 9, சனி

கொழும்பில் சனம் சனாதிபதியின் பெரிய வீட்டுக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளிக்கிறதாம். நூற்றுப் பன்னிரண்டு கிணறு வெட்டினவனை ஒருவரும் குளிக்கக் கூப்பிடவில்லை.

சம்மந்தி இன்று சாப்பிடவில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்த மனிதர் மாதிரி இருந்தார். என்ன இருந்தாலும் அவர் முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கின இடம். பகிடி விட வாய் வந்தது, விடவில்லை.

யூலை 13, புதன்

பந்தயத்துக்கு ஒரு மாதம் முடிந்துவிட்டது. அவரும் கிளப்பவில்லை, நானும் கிளப்பவில்லை. விறகை நான்தான் கொத்துகிறேன். உடம்புக்கு நல்லது.

யூலை 15, வெள்ளி

பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு என்றபடியால், பிறந்த நாளிலிருந்து முப்பத்தொரு நாளுக்கு நான் கோயிலுக்குள் போகமுடியாது. தவம்தான் விளக்கு வைக்கிறான். வைரவருக்கும் எனக்கும் நேருக்கு நேர் பேச்சுவார்த்தை இல்லாத காலம். வசதிதான்.

ஊரில் கதை பெரிதாகிவிட்டது. வைரவர் கையைப் பிடித்துத் திருப்பின கதை. பக்கத்து ஊரிலிருந்தும் இரண்டு பேர் வந்து கேட்டுப் போனார்கள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்கள். கேட்கக் கேட்கச் சொன்னேன். நாலாம் தரம் சொல்லும்போது வைரவரின் கை சூடாக இருந்ததாகவும் வந்துவிட்டது.

சம்மந்திக்கு வாழைப்பழம் ஒருவரும் தரவில்லை. அவரைக் கண்டால் கடையடியில், “விதானையார், என்ர பேரைச் சரியா எழுதினனீங்களோ, இல்லாட்டி நான் வேற ஆளோ?” என்று கேட்கிறார்கள். அவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கடதாசிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பிழை இருக்கிறதா என்று தேடுகிறார் போலிருக்கிறது.

யூலை 19, செவ்வாய்

பூரணம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இன்று சம்மந்தி சந்தைக்குப் போயிருந்த நேரம், வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னாள்.

“கானைக் கழுவினனீங்கள்.”

“ஓம். ஊத்தையாக் கிடந்தது.”

“நீங்கள் கழுவ முதல் நான் வாசிச்சனான்.”

நான் வெங்காயச் சருகை அள்ளிக்கொண்டு எழும்பினேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. வெங்காயம்தான் கண்ணை எரித்தது.

இதைச் சம்மந்திக்குச் சொல்லுவதா விடுவதா என்று யோசித்தேன். கொப்பிக்கு ஏதாவது சொல்லத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் தலை நிமிராமல் எழுதினார். எழுதி முடித்து, “வேறென்ன?” என்றார். வேறொன்றும் இல்லை என்றேன்.

யூலை 27, புதன்

அவரும் நானும் பிள்ளையின் தொட்டிலை மாறி மாறி ஆட்டினோம். பிள்ளைக்கு அவருடைய மூக்கு. நல்லது. என் மூக்கு வந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

ஓகஸ்ற் 4, வியாழன்

துடக்குக் கழிந்தது. காலையில் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போனோம். வீட்டுக்கு வீடு ஒரு பிடி உளுந்து கொடுத்து வடைமாலை. நூற்றெட்டு வடை. வைரவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, புகை.

பூசை முடிய எல்லாரும் கோயில் முற்றத்தில் இருந்து வடை சாப்பிட்டோம். பேச்சோடு பேச்சாக, கோயில் செயலாளராக இருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார், புது ஆள் வேண்டும் என்றார்கள். நோட்டீஸ் எழுத, திருவிழா உபயகாரருக்குக் கடிதம் போட. தவம் சொன்னான், விதானை மாமா இருக்கிறார்தானே என்று. சம்மந்தியின் முகத்தை நான் பார்த்தேன். மனிதர் கேட்காத மாதிரி வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபிறகு ஒருவரும் அவரிடம் ஒன்றையும் எழுதித்தரக் கேட்டதில்லை.

கேதீஸ் பகிடிக்காரன்.

“விதானை மாமாவோ? பேந்து திருவிழா நோட்டீசில வைரவற்ற இடத்தில பிள்ளையாற்ற பேர் கிடக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள். “ஐயோ வேண்டாம், ஆக்களைக் கோயில் மாத்தி அனுப்பிப்போடுவார்,” என்றது இன்னொரு குரல். சம்மந்தியும் சிரித்தார். கையில் இருந்த வடையைப் பாதியில் இலையில் வைத்துவிட்டு, கை கழுவ எழும்பினார்.

நான் எழும்பினேன். எழும்பும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

“இருங்கோ சம்மந்தி,” என்றேன். “துண்டில பிழை இல்லை. ஒட்டினவரிலயும் பிழை இல்லை. மண்ணெண்ணெயில மண்ணெண்ணெய் எண்டுதான் கிடந்தது. நான் பாக்காமல் எடுத்தனான்.” இடுப்பில் சால்வையை இறுக்கினேன். “பாத்திருந்தாலும் ஒண்டுதான்.”

வடை மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். மரத்தடியில் பிள்ளையை மடியில் வைத்திருந்த நிரோசாதான் முதலில் பேசினாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் மாமா. ஓட்டோ நிண்டாப்பிறகு பாத்தன், கான் என்ர கால்மாட்டிலதானே கிடந்தது. அந்த நோவுக்க நான் வாசிச்சது அந்தத் துண்டை மட்டுந்தான்.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“அப்பா சொல்லவேண்டாமெண்டவர்.”

சம்மந்தியைப் பார்த்தேன். அவர் கைகழுவுகிற குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு நின்றார். தன் மகள் உள்ளே கிடக்கும்போது, பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நேரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு என்னுடைய பிழையைத் தன் பெயரில் எழுதின மனிதர். முப்பத்தாறு வருடத்தில் ஒரு பெயரைக்கூட மாற்றி எழுதாதவர்.

“அப்ப வைரவர் கையைப் பிடிச்சுத் திருப்பினது?” என்று கேட்டான் கேதீஸ்.

“அது நான் போட்ட பொய். கை சூடு எண்டதும் பொய். வாழைப்பழம் திண்டது மட்டும் உண்மை.”

“அப்ப என்ர எஞ்சின்?” என்றான் தவம். சிரிப்பு வெடித்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. பூரணம் என்னைக் கடந்து போகும்போது என் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டுப் போனாள்.

செயலாளர் சம்மந்திதான். கை உயர்த்தச் சொன்னார்கள். நான் இரண்டு கையையும் உயர்த்தினேன்.

பின்னேரம் விறாந்தையில் கொப்பியோடு வந்து இருந்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார். முற்றத்தில் நான் பேசின இடம் வந்தபோது பேனை நின்றது.

“இதை எழுதத்தான் வேணுமோ, சம்மந்தி?”

“எழுதுங்கோ.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்.”

நெடுநேரம் எழுதினார். நான் சொன்னது கொஞ்சம், அவர் எழுதினது கூடுதல் போலிருந்தது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.